இரவல் நோக்கம்

தமிழ்நாட்டில் பொறியியல் படிக்கிற ஒரு பிள்ளை தன்னைப் பற்றி முதன்முதலாக உட்கார்ந்து எழுதுவது எப்போது? டைரி எழுதும் பழக்கம் போய்விட்டது. காதல் கடிதத்தை வாட்ஸப் தின்றுவிட்டது. கடைசி வருடத்தில், வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கும்போதுதான் 'நான் யார், இதுவரை என்ன செய்தேன், இனி என்ன செய்யப் போகிறேன்' என்று எழுத வேண்டி வருகிறது. அதன் பெயர் ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ். சுருக்கமாக எஸ்.ஓ.பி. நோக்க அறிக்கை என்று தமிழில் சொல்லலாம். ஆயிரம் சொல்லுக்குள் ஒரு சுயசரிதை.

அந்த முதல் சுயசரிதையே பொய்யாக இருக்கிறது. பல நேரம் அதை அவர்கள் எழுதுவதுகூட இல்லை. இது சம்பிரதாயத்துக்குச் சொல்கிற சின்னப் பொய், விசா கிடைத்ததும் மறந்துபோகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டு, ஏன் போகிறோம் என்றே தெரியாத பிள்ளைகளை விமானம் ஏற்றுகிற வேலையை அந்தப் பொய்தான் செய்கிறது என்பது என் கட்சி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாடு போகாதே என்று சொல்ல வரவில்லை. நானும் மெக்கானிக்கல் முடித்து, ஜெர்மனி போய்ப் படித்துவிட்டு வந்தவன்தான். அங்கே ஆய்வுக்கூடத்தில் ஒரு இயந்திரத்தை முழுசாகப் பிரித்துப் பூட்டக் கிடைத்த வாய்ப்பு எனக்கு இங்கே கிடைத்ததில்லை. போக வேண்டியவர்கள் போகத்தான் வேண்டும். யாருடைய நோக்கத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

*

கொஞ்சம் எழுதுகிறவன், வெளிநாட்டில் படித்தவன் என்பதால் சொந்தத்தில், தெருவில், நண்பர்களின் தம்பி தங்கைகளில் யார் விண்ணப்பித்தாலும் 'ஒரு தடவை பாத்துக் குடுங்கண்ணா' என்று எஸ்.ஓ.பி. என்னிடம் வரும். சில வருடங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றைப் படித்தால் எல்லாவற்றையும் படித்த மாதிரி. எல்லோரும் ஏழு வயதில் வீட்டு ரேடியோவைக் கழற்றியிருக்கிறார்கள். 2003-ல் பிறந்த பிள்ளை வீட்டில் கழற்றுவதற்கு ரேடியோ எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் ஒரு தாத்தா அல்லது அறிவியல் ஆசிரியர் தீப்பொறி வைத்திருக்கிறார். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிய இறுதியாண்டு ப்ராஜெக்ட், எஸ்.ஓ.பி.யில் மூன்று மாத ராத்தூக்கத்தைத் தின்ற வேட்கையாக மாறியிருக்கும். கடைசிப் பத்தியில் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்தின் இரண்டு பேராசிரியர் பெயர். அவர்கள் ஆராய்ச்சி என்ன என்று கேட்டால் விண்ணப்பித்தவருக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் பத்து இடத்துக்கு அதே கடிதம்.

குமாரபாளையம் பக்கத்திலிருந்து ஒரு பையன். அப்பா விசைத்தறி வைத்திருக்கிறார். எலக்ட்ரிக்கல் படித்தவன். கன்சல்டன்சியில் எழுதிக் கொடுத்த எஸ்.ஓ.பி.யில் செயற்கை நுண்ணறிவால் உலகத்தை மாற்றப் போவதாக இருந்தது.

"ஏன் தம்பி ஏ.ஐ.?"

"அதுல சீட் கெடச்சா வேலை ஈஸின்னு சொன்னாங்கண்ணா."

"அதை விடு. நீ கையால செஞ்ச வேலை ஏதாவது இருக்கா?"

ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான். அவர்கள் ஏரியாவில் மூன்று பேஸில் ஒன்று அடிக்கடி போய்விடும். மீதி இரண்டு பேஸில் ஓடுகிற தறி மோட்டார் சூடாகிக் காயில் எரிந்துபோகும். ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோனால் காசும் போச்சு, தறியும் நின்றுபோச்சு. இவன் பழைய ரிலேக்களை வைத்து, ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துகிற மாதிரி ஒரு டப்பா செய்து பட்டறையில் மாட்டியிருக்கிறான். எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு பேஸ் போகிறது என்று ஒரு நோட்டில் அப்பாவை எழுதவும் வைத்திருக்கிறான்.

"இதை ஏன்டா எழுதல?"

"அதெல்லாம் எழுதுனா லோக்கலா இருக்குமுங்கண்ணா."

இந்தப் பதிலைத்தான் மன்னிக்க முடியவில்லை. அவனை இல்லை, அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்களை. ஒரு பிரச்சினையைக் கண்ணால் பார்த்து, தரவு சேர்த்து, கையில் இருந்ததை வைத்துத் தீர்த்திருக்கிறான். பொறியியல் என்றால் அதுதான். மின்சாரத் தரம், மோட்டார் பாதுகாப்பு என்று அதை மேலே படிக்க எத்தனையோ படிப்பு இருக்கிறது. அது 'லோக்கல்' என்று ஒதுக்கப்பட்டு, இல்லாத ரேடியோ 'இன்டர்நேஷனல்' ஆகிறது. தன் வாழ்க்கையில் நடந்தது எதுவும் எழுதத் தகுந்ததில்லை என்று இருபத்தோரு வயதில் ஒருவனை நம்ப வைப்பதற்குப் பெயர் வழிகாட்டலா?

*

அடுத்தது எல்.ஓ.ஆர். அதாவது பரிந்துரைக் கடிதம். நம் ஊரில் அது எப்படித் தயாராகிறது என்பது ஊரறிந்த ரகசியம். "நீயே எழுதிட்டு வாப்பா, சைன் பண்ணித் தரேன்." நான் படித்த கல்லூரியில் மட்டுமில்லை, என்னிடம் வந்த பிள்ளைகளில் கிட்டத்தட்ட எல்லோரும் சொன்ன வாசகம் இது. மூன்று பேராசிரியர்கள் மூன்று விதமாகத் தன்னைப் புகழ்வதை மாணவனே எழுத வேண்டும். 'நான் பார்த்த மிகச் சிறந்த ஐந்து சதவீத மாணவர்களில் ஒருவர்' என்று தன்னைப் பற்றித் தானே படர்க்கையில் எழுதுவது என்ன மாதிரியான பயிற்சி என்று யோசித்துப் பாருங்கள். அறுபது பேர் வகுப்பில் அறுபது பேருமே முதல் ஐந்து சதவீதம்.

பேராசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தலைக்கு மேல் வகுப்பு, பேப்பர் திருத்தல், நாக் கமிட்டி வந்தால் ஃபைல் தயாரிப்பு. தனியார் கல்லூரியில் சம்பளமே சரியாக வராத ஆசிரியரிடம் போய்ப் பத்துக் கடிதம் எழுதித் தா என்பது அநியாயம். ஆனால் அந்த நியாயத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்? உண்மையிலேயே மாணவனை நினைவு வைத்து நாலு வரி எழுதுகிற ஆசிரியரின் கடிதம், அளந்து பேசுவதாலேயே, இந்தப் புகழ்மழைக்கு நடுவில் குறைவாகத் தெரிகிறது. பொய் பொதுவாகிவிட்ட இடத்தில் உண்மை சொன்னவன்தான் தோற்கிறான்.

*

சரி, இந்தப் பொய்யால் யாருக்கு லாபம்?

'ஃப்ரீ கவுன்சிலிங்' என்று போர்டு போட்ட கன்சல்டன்சி இல்லாத ஊர் இன்று உண்டா? டீக்கு உண்டான காசுகூட வாங்காமல் ஒருத்தர் உங்கள் பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார் என்றால், அவருக்கு வேறு எங்கிருந்தோ காசு வருகிறது. சேர்த்துவிடும் ஒவ்வொரு தலைக்கும் கமிஷன் தருகிற பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அவர் நீட்டும் பட்டியலில் அந்தப் பெயர்கள்தான் மேலே இருக்கும்.

இதில் ஒரு விஷயம் ரொம்பப் பேருக்குத் தெரியாது. அமெரிக்காவில் அரசின் மாணவர் உதவித்தொகைத் திட்டங்களில் இருக்கும் கல்லூரிகள், ஆள் சேர்ப்பவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுப்பதை அந்த நாட்டுச் சட்டம் 1992-லேயே தடை செய்துவிட்டது. அப்படிக் கொடுத்தால் மாணவனின் நலனை விட்டுவிட்டு எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள் என்பதுதான் காரணம். அதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கு: அரசு உதவித்தொகைக்குத் தகுதியில்லாத, வெளிநாட்டில் வசிக்கும் அயல்நாட்டு மாணவர்களைச் சேர்ப்பதற்கு இந்தத் தடை பொருந்தாது. தன் நாட்டுப் பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்து தடுத்த ஒன்றை நம் பிள்ளைக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். 'அமெரிக்கா நேர்மையான நாடு சார்' என்று சொல்கிற மாமாக்களிடம் இதை ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

இந்த ஆள் சேர்க்கும் தொழில் எங்கே போய் முடியும் என்பதற்கு மிச்சிகன் மாநிலத்தின் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் சாட்சி. 2019 ஜனவரியில் அது வெளிச்சத்துக்கு வந்தது. வகுப்பு கிடையாது, ஆசிரியர் கிடையாது. அமெரிக்கக் குடியேற்றத் துறையே பொறி வைத்து நடத்திய போலிப் பல்கலைக்கழகம் அது. முதலில் கைதான 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள். ஆள் பிடித்துக் கொடுத்ததாக எட்டுப் பேர் மேல் வழக்கு. மாணவர்களுக்கும் தெரிந்தேதான் சேர்ந்தார்கள் என்றது அரசாங்கம். தெரிந்தவர்கள் இருக்கலாம். ஆனால் 'உனக்கு என்ன படிக்க வேண்டும்' என்று எந்தக் கட்டத்திலும் யாரும் கேட்காத ஒரு பிள்ளைக்கு, வகுப்பு இல்லாத பல்கலைக்கழகம் பெரிய வித்தியாசமாகவா தெரியும்?

ஜெர்மனி கதை வேறு. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் தேட ஏஜென்ட் தேவையே இல்லை. விதிகள் எல்லாம் அவர்கள் தளத்திலேயே கிடக்கின்றன. ஆகவே இங்கே மாணவனிடமே 'பேக்கேஜ்' விற்கிறார்கள். எஸ்.ஓ.பி. எழுதித் தர இவ்வளவு, திருத்தித் தர இவ்வளவு. ஆனால் பல தொழில்நுட்பப் படிப்புகளில் அங்கே முதலில் பார்ப்பது, நீங்கள் படித்த பாடங்கள் பொருந்துகிறதா என்பதையும், உங்கள் மதிப்பெண்ணை அவர்கள் கணக்குக்கு மாற்றினால் எவ்வளவு வருகிறது என்பதையும்தான். திருத்தப்பட்ட பவேரிய வாய்பாடு என்று ஒன்று இருக்கிறது. உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். சி.ஜி.பி.ஏ. 8, குறைந்தபட்சத் தேர்ச்சி 5 என்றால் 2.2 வரும். அதே 8-க்குத் தேர்ச்சி 6 என்று எடுத்தால் 2.5. அங்கே எண் குறையக் குறையத்தான் நல்லது. ஆக, உங்கள் கல்லூரி தரும் மதிப்பெண் ஆவணத்தில் குறைந்தபட்சத் தேர்ச்சி என்ன என்று தெளிவாக இருக்கிறதா என்பது இல்லாத ரேடியோவை விடப் பல மடங்கு முக்கியம். இதை எந்தப் பேக்கேஜிலும் சொன்னதாக என்னிடம் வந்த ஒரு பிள்ளையும் சொன்னதில்லை.

'ஜெர்மனில படிப்பு ஃப்ரீ' என்பதும் அதே கடையின் சரக்குதான். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவம் முதல் முதுநிலைக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ என்று வைத்துவிட்டது. கட்டணமே இல்லாத இடத்துக்குப் போனாலும் ஒரு வருடச் செலவுக்கு முடக்கப்பட்ட கணக்கில் பணம் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ.

*

இனி பணத்துக்கு வருகிறேன். நான் கோபப்படுகிற இடம் இதுதான்.

அமெரிக்க மாணவர் விசாவுக்கு நேர்காணலில் நிற்கிற ஒவ்வொருவரையும், குடியேறத்தான் வருகிறார் என்று அனுமானித்துத் தொடங்கச் சொல்கிறது அவர்கள் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு. இல்லை, படித்து முடித்துத் திரும்புவேன் என்று நிரூபிக்க வேண்டியது மாணவனின் பொறுப்பு. ஆகவே எல்லோரும் 'இந்தியா திரும்பி நாட்டுக்குச் சேவை செய்வேன்' என்று மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள்.

அதே வாரம் அப்பா வங்கியில் உட்கார்ந்திருக்கிறார். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கிகள் வழக்கமாக அடமானம் கேட்கும். பத்திரம், வில்லங்கச் சான்று, வக்கீலின் லீகல் ஒப்பினியன். நாற்பது லட்சம் ரூபாய், 11 சதவீத வட்டி என்று வையுங்கள். வருடத்துக்கு 4,40,000 ரூபாய் வட்டி மட்டும். படிக்கிற இரண்டு வருடத்து வட்டியும் அசலில் சேர்ந்தால், பத்து வருடத் தவணைக்கு மாதம் ஏறக்குறைய 67,000 ரூபாய். சென்னையிலோ கோவையிலோ புதிதாக வேலைக்குச் சேர்கிற இன்ஜினீயரின் சம்பளம் என்ன என்று உங்களுக்கே தெரியும். திரும்பி வந்தால் இந்தக் கடனைக் கட்டவே முடியாது.

விசா அதிகாரியிடம் 'திரும்பி வருவேன்' என்று சொல்லியாக வேண்டும். வங்கிக் கணக்கு 'வரவே கூடாது' என்கிறது. இரண்டுக்கும் கையெழுத்துப் போடுவது ஒரே பிள்ளை. இந்த முரண்பாட்டை அவன் உருவாக்கவில்லை. கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகம், வட்டி வாங்கும் வங்கி, கமிஷன் வாங்கும் ஏஜென்ட், உள்ளே வேலை செய்ய ஆள் வேண்டும் ஆனால் நிரந்தரமாக வேண்டாம் என்கிற அரசாங்கம் எல்லாம் சேர்ந்து உருவாக்கியது. பொய்யை மட்டும் அவன் தலையில் கட்டிவிட்டார்கள். மாட்டினால் அவன் மட்டும்தான் மாட்டுவான்.

அங்கே போன பிறகாவது நிலைமை தெளிவா? பொறியியல் படித்தவருக்கு ஒரு வருடமும் கூடுதலாக 24 மாதமும் வேலைப் பயிற்சி அனுமதி. அதற்குள் எச்-1பி குலுக்கலில் பெயர் விழ வேண்டும். வருட ஒதுக்கீடு 85,000. 2023 மார்ச் பதிவில் வந்தவை ஏழே முக்கால் லட்சத்துக்கும் மேல். ஒரே ஆளுக்குப் பல பதிவு போட்ட தில்லுமுல்லும் அதில் உண்டு. விதியை மாற்றியபின் எண்ணிக்கை குறைந்தது. ஆனாலும் இடத்தைவிடப் பதிவு பல மடங்கு. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் என்று அமெரிக்க அதிபர் அறிவித்தார். உள்ளேயே இருந்து மாணவர் விசாவிலிருந்து மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று விளக்கம் வர ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதம் எத்தனை வீட்டில் அம்மாக்கள் தூங்கியிருப்பார்கள்?

குலுக்கலில் பெயர் விழாதபோது ஒருவனுக்குப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கும்? எனக்கு இந்தத் துறை பிடிக்கும், இந்த வேலை தெரியும், இதை எங்கே போனாலும் செய்வேன் என்ற ஒன்று இருந்தால் அடுத்த நாட்டையோ நம் ஊரையோ யோசிக்கலாம். நோக்கமே இரவல் என்றால் கையில் கடன் மட்டும்தான் மிஞ்சும்.

*

சொல்லப்படும் பதில்கள் எனக்குத் தெரியும்.

'எல்லாரும் இப்படித்தான் ப்ரோ பண்றாங்க.' தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

'தமிழ் மீடியத்தில் படிச்ச பிள்ளை இங்கிலீஷ்ல எப்படி எழுதுவான்? உதவி வாங்கக் கூடாதா?' இதுதான் நிஜமான கேள்வி. இலக்கணம் திருத்த உதவி வாங்குங்கள், அதில் தப்பே இல்லை. நானே திருத்திக் கொடுத்திருக்கிறேன். ஆனால் கான்வென்ட் பிள்ளைக்கு ரேடியோக் கதை ஒரு அலங்காரம். அவள் தேவைப்பட்டால் தானே வேறு எழுதிக்கொள்வாள். தறிப்பட்டறைப் பிள்ளையிடமிருந்துதான் சொந்தக் கதை பிடுங்கப்படுகிறது. இந்த ஏற்பாட்டில் அதிகம் இழப்பது அவன்தான்.

'இப்ப ஏ.ஐ. எழுதித் தருதே.' தருகிறது. கன்சல்டன்சி காசுக்குக் கொடுத்ததை அது சும்மா கொடுக்கிறது. எல்லோருக்கும் ஒரே பால்யம் என்ற ஏற்பாட்டில் மாற்றம் ஒன்றும் இல்லை.

உண்மையை எழுதினால் சீட் கிடைக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். 1913 ஜனவரியில் மதராஸிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு ஒரு கடிதம் போனது. துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் குமாஸ்தா, வருடச் சம்பளம் இருபது பவுண்டு, பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டு, கீழே தன் தேற்றங்களை வரிசையாக எழுதியிருந்தார் ராமானுஜன். ஹார்டிக்கு முன்னால் அவர் எழுதிய இரண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் உதவவில்லை. உண்மை தோற்கவும் செய்யும். ஆனால் யாரோ ஒருவர் அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது படித்தது ராமானுஜனைத்தான். நாமெல்லாம் ராமானுஜன் இல்லை என்பது சரி. பேஸ் போன நேரத்தை எழுதி வைத்த நோட்டு ஒன்று நம் எல்லோரிடமும் எங்கேயாவது இருக்கும்.

இந்த வருடம் விண்ணப்பிக்கிறவர்களுக்கு மூன்று விஷயம் சொல்கிறேன். டெம்ப்ளேட் எதையும் திறப்பதற்கு முன்னால், ஏன் போகிறேன் என்று ஒரு பக்கம் தமிழில் எழுதுங்கள். பணத்துக்காக என்றால் பணத்துக்காக என்றே எழுதுங்கள். அதில் அவமானம் இல்லை, கணக்காவது சரியாகப் போட வரும். இரண்டாவது, கன்சல்டன்சியில் உட்கார்ந்ததும் 'இந்தப் பட்டியல்ல யார்கிட்டருந்து உங்களுக்குக் கமிஷன் வருது சார்?' என்று கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மூன்றாவது, அந்தத் தமிழ்ப் பக்கத்தை, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போகிறவரிடம் படித்துக் காட்டுங்கள். மாதத் தவணை எவ்வளவு, வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்பதையும் சேர்த்து. அட்மிஷன் கமிட்டியில் இருக்கும் யாரையும்விட உங்கள் நோக்கம் என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்குத்தான் அதிகம்.